வலிப்புக்கு எந்த ஊசி? பூச்சிமருந்து, சாரின், நம்ம ஊர்ச் சாலை

ஒரே கேள்வி மூன்று திசையிலிருந்து வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர் கேட்டார்: "பூச்சிமருந்து கேஸ் வலிப்போட வந்தா டயசெபாமே போதுமா சார், இல்ல மிடசோலம் வாங்கச் சொல்லட்டுமா?" மலைப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர், லோராசெபாம்தான் சிறந்தது என்று படித்ததாகவும் அது ஏன் எங்கும் கிடைக்கவில்லை என்றும் எழுதினார். பேரிடர் ஒத்திகைக்குக் குறிப்பு தயாரிக்கும் மூன்றாமவருக்கு, சாரின் போன்ற நரம்பு வாயுவுக்கு எந்த வலிப்பு மருந்தை எழுதுவது என்று தெரிய வேண்டியிருந்தது.

மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். வலிப்பு நிற்காதவர்கள் கடைசியில் எங்கள் கைக்குத்தான் வருவார்கள். அதனால் என் சாய்வு என்ன என்பது போகப்போகத் தெரிந்துவிடும். இது ஊசி போடத் தெரிந்தவர்களுக்கான கட்டுரை. வீட்டில் வைத்துச் செய்யும் வேலை எதுவும் இதில் இல்லை. வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது, நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐக் கூப்பிடுவது.

இரண்டும் ஒரே குடும்பம்

1936-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் தேடிக்கொண்டிருந்தது புதிய பூச்சிக்கொல்லியை. கையில் கிடைத்தது டாபுன் என்ற நரம்பு வாயு. இரண்டு வருடத்தில் சாரின் வந்தது. வாழைக்கும் நெல்லுக்கும் நாம் அடிக்கும் குளோர்பைரிஃபாஸ், குயினால்பாஸ், டைமெத்தோயேட் எல்லாம் அதே ஆர்கனோபாஸ்பேட் வம்சம். நரம்பு முனையில் சேதி கடத்தும் அசிட்டைல்கோலினைத் துடைத்தெடுக்கும் நொதியை இவை முடக்குகின்றன. பிறகு எச்சில், சளி, வியர்வை, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல், மூளையில் வலிப்பு என்று வரிசையாக வரும்.

வேறுபாடு வேகத்தில். சாரின் ஆவியை அதிகமாகச் சுவாசித்தவருக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். பூச்சிமருந்து மெதுவாக ஏறும், கொழுப்பில் தங்கும், நாட்கணக்கில் படுத்தும். பெரியவர்களுக்குப் பூச்சிமருந்தில் வலிப்பு அத்தனை அடிக்கடி வருவதில்லை, குழந்தைகளுக்கு வரும். தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசை துடிப்பதை வலிப்பு என்று நினைத்து ஊசி போடுவதையும் பார்த்திருக்கிறேன். நினைவோடு கண் திறந்து பதில் சொல்கிறவருக்குத் துடிப்பது தசைதான்.

மருந்துத் தேர்வுக்கு முக்கியமான விஷயம் ஒன்று. இந்த வலிப்பு நேரத்தோடு குணம் மாறும். முதல் சில நிமிடங்கள் அது அசிட்டைல்கோலின் செய்யும் வேலை. அப்போது அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபின் போட்டாலே பாதி அடங்கும். பிறகு மூளையைத் தூண்டிவிடும் குளுட்டமேட் சேர்ந்துகொண்டு வலிப்பைத் தானாகவே ஓடவைக்கும். அரை மணி நேரம் போனால் நரம்பணுவின் மேலே இருக்க வேண்டிய, மூளையை அடக்கும் காபா ஏற்பிகள் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். டயசெபாம் வகை மருந்துகள் எல்லாமே அந்த ஏற்பியில் உட்கார்ந்துதான் வேலை செய்யும். சாவி கையில் இருக்கிறது, பூட்டைத்தான் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தான் ஐந்தாவது நிமிடத்தில் நிற்கிற வலிப்பு நாற்பதாவது நிமிடத்தில் அதே அளவு மருந்துக்கு நிற்பதில்லை.

எதை வைத்து அளப்பது

புத்தகத்தில் 'எது அதிக வீரியம்' என்றுதான் கேட்பார்கள். நம்ம மாவட்டத்தில் நான் முதலில் கேட்பது வேறு.

முதல் கேள்வி: நரம்பு, அதாவது ஊசி ஏற்றும் ரத்தக்குழாய், கிடைக்காமலே போட முடியுமா? வியர்த்து வழுக்கும், உதறிக்கொண்டிருக்கும் கையில் ஐ.வி. போடுவது என்ன பாடு என்று போட்டவர்களுக்குத் தெரியும். அடுத்தது சாலை. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கமிருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மருந்து அதுவரை தாங்குமா? மூன்றாவது, கரண்ட் இல்லாத நாளில் மருந்து கெடாமல் இருக்குமா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் மட்டுமா சாய்ந்தது? மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து, பல கிராமங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கடைசியாக, மூச்சை எவ்வளவு அமுக்கும், அதைச் சமாளிக்க அங்கே ஆள் உண்டா?

விலையை நான் அளவுகோலாகவே வைக்கவில்லை. இந்த மூன்று ஊசியில் எதுவும் ஆஸ்பத்திரியைத் திவாலாக்கப் போவதில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அட்ரோபின். நமக்குக் கிடைக்கும் ஆம்ப்யூல் 0.6 மி.கி. பெரியவருக்கு மூன்று ஆம்ப்யூலில் ஆரம்பித்து, நெஞ்சில் சளி காயும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கினால் மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்துநாலு. கால் மணி நேரத்தில் நாற்பத்தைந்து ஆம்ப்யூல் காலி. ட்ரேயில் பத்து ஆம்ப்யூலை வைத்துக்கொண்டு 'மிடசோலமா டயசெபாமா' என்று விவாதிப்பதில் அர்த்தமில்லை. பாம் என்று நாம் சொல்லும் விஷமுறிவு மருந்து பிராலிடாக்சிம் தசைக்கு உதவும். மூளைக்குள் அது சரியாகப் போகாது. வலிப்பை நிறுத்த அதை நம்ப முடியாது.

டயசெபாம்

எல்லா இடத்திலும் இருக்கிறது. குளிர்பெட்டி வேண்டாம். நரம்பில் போனால் ஓரிரு நிமிடத்தில் வலிப்பை நிறுத்தும். பெரியவருக்கு 10 மி.கி., மெதுவாக. அமெரிக்க ராணுவம் பல வருடங்கள் வீரர்களின் பையில் கொடுத்தனுப்பியதும் இதே 10 மி.கி.தான், தானாகக் குத்தும் ஊசியாக.

குறைகள் இரண்டு. தசையில் போட்டால் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. எண்ணெய்ப் பசையான மருந்து, சதையில் தேங்கி நிற்கும். இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூளைக்கு வேகமாகப் போகும் இந்த மருந்து அதே வேகத்தில் கொழுப்புக்கு இறங்கிவிடும். கால் மணி, அரை மணி நேரத்தில் மூளையில் அளவு சரிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் சாயங்காலம், ஏத்தன் வாழைத் தோட்டத்தில் மருந்தடித்தவரை நனைந்த சட்டையோடு ஆட்டோவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நரம்பு தேடவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. டயசெபாம் போனதும் வலிப்பு நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆம்புலன்ஸ் தக்கலையைத் தாண்டும் முன் மறுபடியும் ஆரம்பித்தது. வண்டியில் வந்த பையன் இரண்டாவது ஊசி போடத் தயங்கினான், மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். எங்களிடம் வந்து சேர்ந்தபோது வலிப்பு நாற்பது நிமிடம் பழையது. அவர் பிழைத்தார், ஒன்பது நாள் வென்டிலேட்டருக்குப் பிறகு. அங்கே யாரும் தப்புச் செய்யவில்லை. மருந்தின் குணமும் சாலையின் நீளமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சின்னக் குறை: டயசெபாமைச் சலைன் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக விடுவதில் பயனில்லை. மருந்து படிந்துவிடும், பிளாஸ்டிக் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும்.

எங்கே இது சரி? நரம்பில் கேனுலா ஏற்கெனவே போட்டாகிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, அல்லது வேறு எதுவும் இல்லை என்றால். கடைசிச் சூழலில் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். இல்லாத மிடசோலத்தை விட இருக்கிற டயசெபாம் மேல்.

லோராசெபாம்

புதிய மருத்துவர் படித்தது தப்பில்லை. சாதாரண வலிப்பில், நரம்பில் போடும் மருந்துகளில் இதற்கு நல்ல பெயர். டயசெபாம்போல் ஓடிப்போகாது, மணிக்கணக்கில் மூளையில் தங்கும். கிலோவுக்கு 0.1 மி.கி., ஒரு தடவைக்கு 4 மி.கி. வரை. ஆசாரிபள்ளம் என்ன, திருவனந்தபுரம்வரை தாங்கும்.

ஆனால் அதைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மலையோரத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில், தடுப்பூசிப் பெட்டியின் மூலையில் கிடக்கும் லோராசெபாம் எத்தனை தடவை சூடாகி ஆறியது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? பிறகு, வலிப்பு வந்தவுடன் ட்ரேயில் கை வைத்தால் அது இருக்காது. யாராவது குளிர்பெட்டிக்கு ஓட வேண்டும். தசையில் போட்டால் மிடசோலம்போல் வேகமாக ஏறாது. நரம்பு வாயு ஆய்வுகளில் இது பின்தங்கியதும் அந்த மந்தத்தால்தான்.

ஜெனரேட்டரும் ஐ.சி.யு.வும் உள்ள இடத்துக்கு நல்ல மருந்து. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

மிடசோலம்

என் சாய்வு இதுதான். குப்பிக்குள் அமிலத்தன்மையில் தண்ணீரோடு கலந்திருக்கும். உடம்புக்குள் போனதும் கொழுப்பில் கரையும் வடிவத்துக்கு மாறி மூளைக்குள் நுழைந்துவிடும். அதனால் தொடைச் சதையில் போட்டாலே போதும்.

2012-இல் வெளிவந்த ராம்பார்ட் ஆய்வு ஆம்புலன்ஸிலேயே நடந்தது. வலிப்பு நிற்காத 893 பேர். ஒரு பாதிக்குத் தசையில் மிடசோலம், மறு பாதிக்கு நரம்பில் லோராசெபாம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது வலிப்பு நின்றிருந்தவர்கள் மிடசோலத்தில் 73.4 சதவீதம், லோராசெபாமில் 63.4. உள்ளே இருக்கும் கணக்கு இன்னும் சுவாரசியம். மருந்து உடம்புக்குள் போக மிடசோலத்துக்கு 1.2 நிமிடம், நரம்பு தேட வேண்டிய லோராசெபாமுக்கு 4.8. உள்ளே போனபிறகு லோராசெபாம்தான் வேகம், 1.6 நிமிடத்தில் நிறுத்தியது. மிடசோலத்துக்கு 3.3 ஆனது. மொத்தத்தில் முந்தியது மிடசோலம். ஓட்டத்தில் தோற்று, கிளம்பியதில் ஜெயித்த கதை.

அது சாதாரண வலிப்பு நோயாளிகளிடம் செய்த ஆய்வு. நரம்பு வாயுவுக்கு மனிதர்களிடம் அப்படி ஆய்வு செய்ய முடியாது, கூடாது. சோமன் என்ற நரம்பு வாயு கொடுத்த விலங்குகளில் பார்த்தபோதும் தசையில் போட்ட மிடசோலம் வேகமாக வேலை செய்தது. இதெல்லாம் சேர்ந்துதான் 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ராணுவத்துக்கான 10 மி.கி. மிடசோலம் தானியங்கி ஊசிக்கு அனுமதி கொடுத்தது. டயசெபாம் ஊசியின் இடத்துக்கு வந்தது அது. ஒத்திகைக் குறிப்பு எழுதும் வாசகருக்கு இதுவே பதில்.

அளவு: 40 கிலோவுக்கு மேல் 10 மி.கி., 13 முதல் 40 கிலோவரை 5 மி.கி., தொடையின் வெளிப்பக்கச் சதையில்.

இதன் மறைமுகச் சிக்கலை யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மிடசோலம் இரண்டு வீரியத்தில் வருகிறது. ஒரு மி.லி.க்கு 1 மி.கி. உள்ள பெரிய குப்பி, ஒரு மி.லி.க்கு 5 மி.கி. உள்ள சின்ன ஆம்ப்யூல். கடைக்காரர் கையில் பெரும்பாலும் இருப்பது முதல் வகை. 10 மி.கி. வேண்டுமென்றால் அதில் 10 மி.லி. உறிஞ்சி ஒரு தொடையில் ஏற்ற வேண்டும், நடக்கிற காரியமா? ஆர்டர் எழுதும்போது '5 மி.கி./மி.லி.' என்று எழுதாவிட்டால் மிடசோலம் வாங்கியும் வாங்காத மாதிரிதான். இரண்டையும் ஒரே ட்ரேயில் வைப்பது அதைவிட ஆபத்து, நரம்பில் போடும்போது ஐந்து மடங்கு போய்விடும்.

மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே பற்றியும் கேட்கிறார்கள். காய்ச்சல் வலிப்பு வரும் குழந்தைகளுக்கு அருமையான பொருள். இங்கே மூக்கிலும் வாயிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அடித்த மருந்து சளியோடு வெளியே வந்துவிடும். கன்னத்துக்குள் வைப்பதும் அப்படியே. ஊசி போட ஆளே இல்லாத இடத்தில் மட்டும் ஸ்பிரே.

இதன் வீச்சும் நீளமில்லை. மணிக்கணக்கில் லோராசெபாம்போல் நிற்காது. மலையிலிருந்து வரும் வண்டியில் இரண்டாவது டோஸ் கையில் இருக்க வேண்டும்.

| | டயசெபாம் | லோராசெபாம் | மிடசோலம் |
|---|---|---|---|
| நரம்பு இல்லாமல் | நம்ப முடியாது | மெதுவாக ஏறும் | தொடையில் போடலாம் |
| வலிப்பை அடக்கி வைப்பது | கால் முதல் அரை மணி | பல மணி நேரம் | இடைப்பட்டது |
| குளிர்பெட்டி | வேண்டாம் | வேண்டும் | வேண்டாம் |
| மூச்சை அமுக்குவது | உண்டு | உண்டு | உண்டு |
| கவனிக்க | சலைனில் கலக்காதீர்கள் | சூடானால் கெடும் | குப்பியின் வீரியம் |

மூச்சு வரிசையில் மூன்றுக்கும் 'உண்டு' என்று போட்டிருக்கிறேன். ஆம்புலன்ஸ் பையன் பயந்தது அதற்குத்தான். ஆனால் ஓயாத வலிப்பும் மூச்சை நிறுத்தும், அதைவிட நிச்சயமாக. ஊசி போடும் இடத்தில் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கும் சளி உறிஞ்சும் கருவியும் ஆக்சிஜனும் இருந்தால் பயத்துக்கு மருந்து இருக்கிறது. ஃபுளுமசெனில் வாங்கி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். மிடசோலத்தை முறிக்கும்போது அடங்கிய வலிப்பையும் அது எழுப்பிவிடும்.

இரண்டு டோஸுக்கும் அடங்காவிட்டால்

இங்கேதான் பழக்கதோஷம் வேலை செய்யும். வலிப்பு என்றால் அடுத்தது ஃபெனிடாயின் என்று கை தானாகப் போகும். இந்த விஷத்தில் அது வேலை செய்வதில்லை, விலங்கு ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் சொல்வது இது. அது ஏறும் இருபது நிமிடமும் வீண். சாதாரண வலிப்பில் லெவெடிராசெட்டாம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்புரோயேட் மூன்றும் ஏறக்குறைய சமம் என்று 2019-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது. லெவெடிராசெட்டாம் தீங்கில்லாதது, மூச்சை அமுக்காது, மிடசோலத்தோடு துணைக்குக் கொடுக்கலாம். தனியாக நம்பக் கூடாது.

ஃபீனோபார்பிட்டோன் பழைய மருந்து, கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி. காபா ஏற்பியைத் தானே திறக்கும் அளவுக்குப் போனால் அடக்கும். ஆனால் அந்த அளவில் மூச்சும் ரத்த அழுத்தமும் சேர்ந்து விழும். வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் அதைத் தொட வேண்டாம்.

கெட்டமின் எனக்குப் பிடித்த கதை. குளுட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் மருந்து. அதாவது நாற்பது நிமிடம் பழகிய வலிப்பை ஓட்டுவது எதுவோ, நேராக அதன் கழுத்தைப் பிடிக்கும். மிடசோலத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது விலங்குகளில் தனி மருந்தைவிட நன்றாக அடக்கியது. ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளாது. எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில்: எச்சிலைக் கூட்டும், ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருப்பவருக்கு அட்ரோபின் நிறைவாகப் போயிருக்க வேண்டும். சட்டப்படி அட்டவணை எக்ஸ் மருந்து என்பதால் பூட்டுப் பெட்டி, தனிக் கணக்கு. இரவு பத்து மணிக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுக்குக் குழாய் போடும் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. தசையைத் தளர்த்தப் போடும் சக்சினில்கோலினை உடைப்பதும் இந்த விஷம் முடக்கும் நொதி வகையறாதான். சில நிமிடத்தில் போக வேண்டிய தளர்வு மணிக்கணக்கில் நீளும். ரோகுரோனியம் மேல். எதைப் போட்டாலும் உடம்பு அசையாமல் கிடப்பதை வலிப்பு நின்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தசை தூங்கும், மூளை ஓடிக்கொண்டிருக்கும். மூளையின் மின்னலையைக் காட்டும் இ.இ.ஜி. இருக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் மிடசோலம் தொடர் சொட்டை நிறுத்த அவசரப்பட வேண்டாம்.

யார் எதை வைக்கலாம்

குலசேகரம் சிஸ்டருக்கு: 5 மி.கி./மி.லி. மிடசோலம் ஆம்ப்யூல் ஆறு, டயசெபாம் பழையபடி, அட்ரோபின் குறைந்தது ஐம்பது. மலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதே பட்டியல்தான், வண்டியோடு இரண்டாவது டோஸ் போக வேண்டும். வண்டியில் வருகிறவரிடம் 'மறுபடி வந்தால் போடு' என்று வாயால் சொன்னால் போதாது, ரெஃபரல் சீட்டில் முதல் ஊசி போட்ட நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். நாகர்கோவிலில் ஐ.சி.யு. வைத்திருப்பவர்கள் லோராசெபாமும் வைத்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு அது வசதி. கன்னிப்பூ, கும்பப்பூ நெல் சாகுபடியில் மருந்தடிக்கும் மாதங்களுக்கு முன் காலாவதித் தேதி பார்ப்பது நல்லது. டயசெபாம், லோராசெபாம், மிடசோலம் மூன்றும் மனமயக்க மருந்துச் சட்டத்துக்குள் வருபவை, ரிஜிஸ்டர் எழுத வேண்டும். ரிஜிஸ்டருக்குப் பயந்து அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கமும் உண்டு. எமர்ஜென்சி மருந்து டூட்டி சிஸ்டரின் கைக்கு எட்ட வேண்டும்.

ஒத்திகைக் குழுவுக்கு ஒன்று கூடுதல். 1995 மார்ச் 20-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே காலையில் ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். அவர்களின் துணியிலிருந்து வந்த ஆவியால் மருத்துவமனை ஊழியர்களுக்கே அறிகுறிகள் வந்தன. துணியைக் கழற்றிக் கழுவும் இடம் வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும். கூட்டமாக வரும்போது ஒவ்வொருவருக்கும் நரம்பு தேட முடியாது என்பதால் அங்கே மிடசோலம் தவிர வேறு தேர்வும் இல்லை.

சிஸ்டர் போன வாரம் ட்ரேயின் படம் அனுப்பினார். இரண்டு மிடசோலம் ஆம்ப்யூலையும் ஒரு சிரிஞ்சையும் சேர்த்து ரப்பர்பேண்ட் போட்டு, மேலே சிவப்பு மையில் 'தொடையில், 40 கிலோவுக்கு மேல் இரண்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தார். பக்கத்து அறையில் டயசெபாம் இருந்தது. ஃபெனிடாயினைத்தான் காணோம். நான் சொன்னதைக் கேட்டுத் தூக்கிவிட்டாராம். சாதாரண வலிப்புக்கு அது வேண்டுமே, திரும்ப எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.